செட்டாப் பாக்ஸ் அட்டவணையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மூன்று நான்கு தொலைக்காட்சிகள் வைத்திருப்பவர்களுக்கு எந்த செட்டாப் பாக்ஸ் ஏற்றது என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஓர் ஒப்பீடு வந்திருந்தது. ஹார்டு டிஸ்க் எத்தனை டெராபைட், 4கே உண்டா, ரிமோட்டில் பேசினால் கேட்குமா என்று கட்டம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் வேறு போட்டிருந்தீர்கள். கூரையேறி டிஷ் பொருத்தியே பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த அட்டவணையை நம்பி வாங்குகிறவர் வெகு சீக்கிரம் விற்றவரோடு மல்லுக்கு நிற்பார். ட்யூனர் எத்தனை என்று ஒரு கட்டம்கூட அதில் இல்லை.

டிஷ்ஷிலிருந்து இறங்கி வரும் சிக்னலில் நமக்கு வேண்டியதைப் பிடித்துக் கொடுப்பது ட்யூனர்தான். பொதுவாக, பார்க்கும் சேனலுக்கு ஒன்று, பதிவாகும் சேனலுக்கு ஒன்று என்று கணக்கு. பல அறைகளுக்கும் சேர்த்து ஒரே டி.வி.ஆர். (நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் செட்டாப் பாக்ஸ்) என்று விற்கப்படும் அமைப்புகளில், படுக்கையறையில் வைக்கும் சின்னப் பெட்டிக்குப் பெரும்பாலும் சொந்த ட்யூனர் கிடையாது. கூடத்தில் இருக்கும் தாய்ப்பெட்டியிடம் கடன் வாங்கித்தான் அது படம் காட்டும். தாய்ப்பெட்டியில் மூன்று ட்யூனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் அப்பா செய்தி பார்க்கிறார், அறையில் மகன் பந்தயம் பார்க்கிறான், மிச்சம் ஒன்றுதான். அதே நேரத்தில் இரண்டு தொடர்களைப் பதிவு செய்யச் சொல்லி அம்மா முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால், பெட்டி யாராவது ஒருவருடைய திரையில் வந்து சேனலை மாற்றலாமா என்று கேட்கும். பதில் வராவிட்டால் தானே மாற்றிவிடும் பெட்டிகளும் உண்டு. ஆட்டம் முடிகிற நேரத்தில் அது நடந்தால் வீடு என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இது என் கற்பனைக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் டிஷ் நெட்வொர்க் நிறுவனம் 2012-இல் 'ஹாப்பர்' பெட்டியைக் கொண்டுவந்தது. அறைகளுக்கான துணைப் பெட்டிக்கு 'ஜோயி' என்று பெயர். ஹாப்பரில் 2 டெராபைட் டிஸ்க், ட்யூனர் மூன்று. 2016-இல் 'ஹாப்பர் 3' வந்தபோது டிஸ்க் அதே 2 டெராபைட்தான்; ட்யூனரோ 16! எந்த இடத்தில் நெருக்கடி இருந்தது என்பதைத் தயாரித்தவர்களே இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

டெராபைட்டைப் பெரிதுபடுத்துவதும் எனக்குப் புரியவில்லை. எச்.டி. சேனல் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட். ஒரு டெராபைட்டில் ஏறத்தாழ 275 மணி நேரம் அடங்கும். அவ்வளவையும் உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? நான் வேலை செய்த வீடுகளில் டிஸ்க் நிரம்பியதற்குக் காரணம், பார்த்து முடித்ததை ஒருவரும் அழிக்காததுதான்.

அடுத்தது கேபிள். கட்டுரை இதை ஒரே வரியில் கடந்துவிட்டது. எங்கள் பிழைப்பு முழுவதும் அங்கேதான் போனது. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் சின்னக் கருவியான எல்.என்.பி., 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை வருகிற அலைகளை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது. யுனிவர்சல் வகையாக இருந்தால் மொத்தச் சிக்னலும் ஒரே கேபிளில் ஒரே நேரத்தில் அடங்காது. பெட்டி 13 வோல்ட் கொடுத்தால் ஒரு பகுதி, 18 வோல்ட் கொடுத்தால் வேறொரு பகுதி, கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இன்னும் இரண்டு என்று நான்காகப் பிரிந்து கிடக்கும். ஒரு கேபிளில் ஒரு சமயம் ஒரு பகுதிதான் வரும். அதனால்தான் 2001-இல் பிரிட்டனில் 'ஸ்கை பிளஸ்' என்ற டி.வி.ஆர். வந்தபோது, அதன் இரண்டு ட்யூனருக்கும் டிஷ்ஷிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. அறைக்கு ஒரு டி.வி.ஆர். என்று நான்கு அறைகளுக்கு வைத்தால் எட்டுக் கேபிள். சுவரெல்லாம் துளைதான்.

இதற்குத் தீர்வு வந்துவிட்டது. ஒவ்வொரு ட்யூனருக்கும் தனி அலைவரிசை ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே கேபிளில் அனுப்பும் முறையை ஐரோப்பாவில் யூனிகேபிள் என்கிறார்கள். 2007-இல் வந்த ஈ.என். 50494 தரம் எட்டு ட்யூனர் வரை தாங்கும். அதற்குப் பின் வந்த ஈ.என். 50607 தரம் 32 வரை தாங்கும். ஆனால் எல்.என்.பி., பெட்டி இரண்டுக்கும் அந்த முறை தெரிந்திருக்க வேண்டும். 'ஒரே கேபிள் போதும்' என்று பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கிவிட்டு, கூரையில் பழைய எல்.என்.பி.யை அப்படியே விட்டுவைத்தால், நான்கு ட்யூனரில் ஒன்றுதான் வேலை செய்யும். குறை சொல்லும்போது மட்டும் பெட்டி மட்டம் என்பார்கள்.

ஸ்பிளிட்டர் தொல்லை இன்னொன்று. இருக்கிற கேபிளை இரண்டாகப் பிரித்து அடுத்த அறைக்குக் கொடுக்கலாமே என்று பலரும் சாதாரண ஆன்டெனா ஸ்பிளிட்டரை மாட்டிவிடுவார்கள். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் 5-1000 என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும். ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அதற்கு உத்தரவாதம் கிடையாது, நமக்கோ 2150 வரை வேண்டும். விளைவு, சில சேனல்கள் பளிச்சென்று வரும், சில வரவே வராது. டிஷ் காற்றில் திரும்பிவிட்டது என்று நினைத்து யாராவது மேலேறி அதைத் திருப்புவார்கள். சரியாக இருந்த டிஷ்ஷும் அதோடு கெட்டது.

ஒரு வீட்டில் கூடத்தில் படம் அருமையாக ஓடும். படுக்கையறையில் மட்டும் சதுரம் சதுரமாக உடையும். பெட்டியை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். நான் போய்க் கேபிளைப் பின்தொடர்ந்தபோது, அலமாரிக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவி ஒன்று இருந்தது. இணையத்தை அதே கேபிளில் அனுப்ப யாரோ மாட்டிக் கொடுத்த மோகா அடாப்டர் அது. கேபிள் டி.வி. வீடுகளுக்கான மோகா 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. அதாவது செயற்கைக்கோள் சிக்னல் ஓடும் பாதையின் நட்டநடுவில். கழற்றி வைத்தேன், படம் உடைவது நின்றுவிட்டது. டிஷ் வைத்த வீட்டுக்கு 950-க்குக் கீழே ஓடும் வகைதான் வேண்டும். பல அறை டி.வி.ஆர். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் அந்தக் கீழ்ப்பகுதியைத்தான் பயன்படுத்துகின்றன.

வைஃபையில் ஓடும் துணைப் பெட்டிகளும் இருக்கின்றன. பிரிட்டனில் 2016-இல் வந்த ஸ்கை கியூவின் மினி பெட்டிகள் அப்படித்தான். சுவரைத் துளைக்க முடியாத வீட்டுக்கு நல்லது. துளைக்க முடிந்தால் கம்பியே மேல்.

எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், ஆறு ஏழு ட்யூனராவது உள்ள ஒரே தாய்ப்பெட்டி, அறைகளுக்குத் துணைப் பெட்டி என்பேன். எந்த அறையில் பதிந்ததை எந்த அறையிலும் பார்க்கலாம். கூடத்தில் பாதியில் நிறுத்தியதைப் படுக்கையறையில் தொடரலாம். அறைக்கு ஒரு டி.வி.ஆர். வைத்தால் 'அந்தத் தொடர் எந்தப் பெட்டியில் இருக்கிறது?' என்று தேடுவதற்கே ஓர் ஆள் வேண்டும். ஆனால் தாய்ப்பெட்டிக்கு ஒரு சங்கடம் உண்டு, அதைத் தங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. அது படுத்துவிட்டால் எல்லா அறைகளும் சேர்ந்து இருண்டுவிடும். பதிவுகள் அந்தப் பெட்டிக்கே உரிய மறைகுறியாக்கத்தில் பூட்டப்பட்டிருப்பதால், டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலும் திறக்காது. குழந்தை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பாடியதைப் பதிந்து வைத்திருந்த ஒரு தாய்க்கு இதைச் சொல்ல நேர்ந்தது. அந்த வேலையை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். இப்படிப்பட்ட பதிவு இருந்தால் நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களிடமே ஒரு பிரதி கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெரியவர்கள் அறைக்கு மட்டும், பதிவு வசதியே இல்லாத சாதாரண ரிசீவர் ஒன்றைத் தனியாக வையுங்கள். ட்யூனர் சண்டையில் அவர்களை இழுக்காமல் இருக்கலாம். தாய்ப்பெட்டி படுத்த அன்று வீட்டில் ஒரு தொலைக்காட்சியாவது ஓடும். இன்னொன்று, இருபத்து நான்கு மணி நேரமும் டிஸ்க் சுழலும் பெட்டியைக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைக்காதீர்கள். வெப்பத்தில் முதலில் போவது டிஸ்க்தான்.

அடுத்த முறை இப்படி ஓர் ஒப்பீடு வெளியிடும்போது நட்சத்திரங்களைக் குறைத்துக்கொண்டு, ட்யூனர் எத்தனை, டிஷ்ஷிலிருந்து எத்தனை கேபிள் வேண்டும், எந்த வகை எல்.என்.பி. வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கூடவே, கட்டுரையாளர் தாய்ப்பெட்டியின் பிளக்கை ஒருமுறை பிடுங்கிவிட்டு, மற்ற அறைகளில் என்ன தெரிகிறது என்று பார்த்து அதையும் அட்டவணையில் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற டிஷ் தொழிலாளி