காளான் வளர்ப்போர் சங்கம், வடசென்னை: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பொன்னேரிப் பக்கத்து வைக்கோலைச் சேர்ந்து வாங்கியதில் லாரி வாடகை குறைந்தது.

இந்த ஆண்டு சங்கத்தின் முக்கிய வேலை பாக்டீரியாப் புள்ளி நோய்தான். ஐப்பசி மழை பிடித்ததும் கொடுங்கையூரிலிருந்து திருவொற்றியூர் வரை சிப்பிக் காளான் குடில்களில் ஒரே புகார். குடை விளிம்பில் வெளிர் மஞ்சளாக, தொட்டால் பிசுபிசுக்கும் ஒரு பொட்டு. பிறகு அது பழுப்பு நிறமாகிக் குழிந்துவிடும். பலர் பூஞ்சைக்கொல்லி அடித்தார்கள். காளானே பூஞ்சைதான், அந்த மருந்து பயிரைத்தான் கெடுக்கும். நோயைக் கொண்டுவருவது சூடோமோனாஸ் டோலாசி என்ற பாக்டீரியா. அதன் டோலாசின் நஞ்சு செல் சவ்வில் ஓட்டை போடும்.

‘ரியாக்டன்ஸ்’ என்ற நெருங்கிய இனமும் அதே குடையில் குடியிருக்கும். அதன் சுரப்பு டோலாசினோடு சேர்ந்தால் இரண்டும் திரிந்து படியும். ஆய்வுக்கூடத் தட்டில் அருகருகே வளர்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு விழும். டோலாசியை அடையாளம் காண அது ஒரு வழி. இந்தப் போட்டி நமக்கு உதவும் என்று குடிலைச் சும்மா விடக் கூடாது. ரியாக்டன்ஸ் மிகுந்தால் அதுவும் நிறத்தைக் கெடுக்கும். மொட்டுக் காளானில் வரும் இஞ்சி நிறப் புள்ளிக்குக் காரணமான ஜிஞ்சரி இனமோ கோடே தராது.

தண்ணீரில்தான் கவனம் வேண்டும். சம்ப்பைக் கழுவுங்கள். 30 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 5 கிராமை 10 லிட்டரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தெளியுங்கள். 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு) குளோரின் கிடைக்கும். நமுத்த பவுடரில் வீரியம் இருக்காது. தெளித்த 2, 3 மணி நேரத்தில் குடை உலர வேண்டும். ஆகவே மாலையில் தெளிக்காதீர்கள், தெளித்ததும் ஜன்னலைத் திறங்கள். புள்ளி விழுந்த கொத்தைத் தெளிப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். பிறகென்றால் தெறிக்கும் துளியே பக்கத்துப் படுக்கைக்கு நோயைக் கொண்டுபோகும்.

இதையெல்லாம் புரட்டாசியிலேயே செய்துகாட்டினோம். பாதிப் பேர் வரவில்லை. கார்த்திகையில் படுக்கை படுக்கையாகக் கொட்டியவர்களில் பெரும்பாலோர் அவர்களே. அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்; கையிருப்பு சொற்பம், சந்தா நிலுவை அதைவிட அதிகம். இடம் தந்தவர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

வரும் மழைக்கு முன் பொதுவில் ஓர் ஈரப்பதமானியும் குளோரின் சோதனைப் பட்டைகளும் வாங்க வேண்டும். நிலுவையில் பாதி வந்தாலே போதும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருக்கிறார்.

செயலாளர்