வெல்டிங் பட்டறைக்கு நுரை வேண்டாம், கூட்டாளி

சிராங்கூன் கார்டன்ஸ்,
சிங்கப்பூர்

அன்புள்ள கூட்டாளிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வெல்டிங் பட்டறைக் கூரைக்கும் என்னுடையதைப் போலச் சூடு தடுக்கும் பாலியுரித்தேன் நுரை அடிக்கலாமா என்று நீ வாட்ஸப்பில் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். போட்டால் முதல் வரியைப் படித்ததுமே ஆளைக் கூப்பிட்டு வேலையைத் தொடங்கிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண் பாக்கி. பேத்தி தொடக்கநிலை 5 படிக்கிறாள். தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள், ஆனால் என்னிடம் பேசுவது ஆங்கிலத்தில். உமறுப்புலவர் பள்ளியில் நம்மோடு படித்தவர்களை எப்போதாவது தேக்காவில் பார்க்கிறேன். பாதிப் பேருக்கு முழங்கால், மீதிப் பேருக்குச் சர்க்கரை. உன்னை எல்லாரும் விசாரித்தார்கள்.

சரி, கூரைக்கு வருகிறேன். நீ கடைசியாக வந்தபோது பார்த்த அதே சாய்ப்புதான் இப்போதும் என் மரவேலைப் பட்டறை. சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் இறக்கியது. மேலே நெளிதகரம், கீழே இரும்புச் சட்டம். வெயில் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தத் தகரம் 60 டிகிரியைத் தொடும். மின்விசிறி போட்டாலும் பிரயோசனம் இல்லை. சூடான தகரம் வெப்பத்தைக் கதிராக நேரே தலைமேல் இறக்குகிறது, நடுவில் ஓடும் காற்று அதைத் தடுக்காது. 2023 மே 13 அன்று பக்கத்து அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான உச்சமும் அதேதான். அந்த வாரம் நான் ரம்பத்தைத் தொடவே இல்லை.

வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், துருவைத்தான் பொறுக்க முடியவில்லை. இங்கே காற்றில் உள்ள ஈரம் உனக்கு மறந்திருக்காது. விடியற்காலையில் தகரம் 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே போதும், அதன்மேல் தண்ணீர் பூத்துவிடும். மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகவே குளிரும். அப்புறம் என்ன, அடிப்பக்கம் முழுக்க வியர்த்து, நெளிவின் பள்ளம் வழியாக இறங்கி, சட்டத்தில் முட்டி, சரியாக என் வேலை மேசை மேல் சொட்டும். காலையில் இழைப்புளியைத் திருப்பிப் பார்த்தால் அடித்தகட்டில் செம்புள்ளிகள். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாலும் அடுத்த வாரம் வேறு இடத்தில் கிளம்பும். இதை மழைக்கசிவு என்று சொல்லித் திருகாணித் தலைகளுக்கெல்லாம் சிலிக்கான் பூசிக் காசு வாங்கிப் போனவர் ஒருவர் உண்டு. மழை இல்லாத இரவில்தான் அதிகம் சொட்டுகிறது என்று சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை.

நான் நுரைக்குப் போனதற்கு இந்த வியர்வைதான் காரணம். கண்ணாடிக் கம்பளி விரித்தாலும் சூடு குறையும், செலவும் குறைவு. ஆனால் ஈரக்காற்று அதற்குள் புகுந்து தகரத்தைத் தொட்டுவிடும். கம்பளி நனைந்து கனத்துத் தொங்கும். நுரை அப்படியில்லை, தகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. காற்று போய்த் தொடுவதற்குக் குளிர்ந்த தகரமே கிடைப்பதில்லை. ஆனால் நுரையிலும் இரண்டு ரகம் இருப்பதைக் கவனி. ஒன்று திறந்த அறை ரகம், அதாவது உள்ளே இருக்கும் குட்டிக் குமிழ்கள் ஒன்றுக்கொன்று திறந்திருக்கும். கன மீட்டருக்கு 8 கிலோ அளவில் மெத்தென்று இருக்கும், ஈரத்தை உள்ளே விடும். இன்னொன்று மூடிய அறை ரகம், 30 கிலோவுக்கு மேல், விரலால் தட்டினால் கட்டை தட்டும் சத்தம் வரும். தகரத்துக்கு இரண்டாவதுதான். விலை மலிவு என்று யாராவது முதலாவதைத் தலையில் கட்டப் பார்த்தால் வாசலோடு அனுப்பிவிடு.

வேலையை பிப்ரவரியில் வைத்துக்கொண்டேன். இங்கே பொதுவாக மழை குறைந்த மாதம் அதுதான். தகரம் ஈரமாக இருந்தால், நுரையை உண்டாக்கும் இரண்டு திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும், நுரை ஒட்டாமல் பொருக்காக உரிந்து வரும். அதற்கு முன் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி பிரைமர் அடித்து வைத்தேன். ஒழுகும் இடங்களையும் முதலிலேயே அடைத்தாகிவிட்டது.

லாரியில் இரண்டு பீப்பாய்கள் வந்தன. ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் பாலியால். இரண்டும் சூடேற்றிய குழாய்களில் தனித்தனியாக வந்து துப்பாக்கியின் வாயில்தான் கலக்கின்றன. அடித்தவர் வெள்ளை உடுப்பும் காற்றுக் குழாய் இணைத்த முகமூடியும் போட்டிருந்தார். தகரத்தில் விழும்போது வெறும் ஈரப்பூச்சு மாதிரிதான் இருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்ணெயில் போட்ட அப்பளமாக உப்பியது, ஒரு நிமிடத்தில் கெட்டியாகிவிட்டது. அதிசயம்தான். முகமூடியைக் கழற்றிய பிறகு பார்த்தால் ஆள் அறந்தாங்கிக்காரர். “அங்கிள், ஒரே மூச்சுல மொத்தமா அடிக்கச் சொல்லாதீங்க, உள்ள கருகிடும்” என்றார். உண்மைதான். நுரை உப்பும்போது தானே சூடாகும். தடிமனாக ஒரே தடவையில் அடித்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நடுவில் கருகும், தீப்பிடித்ததும் உண்டு. அவர் ஓர் அங்குலம் அடித்து, ஆறவிட்டு, அப்புறம்தான் அடுத்த அங்குலம் அடித்தார். கலவை விகிதம் பிசகினால் மீன் கவிச்சை போன்ற நாற்றம் நாள் கணக்கில் போகாது என்றும் அவர்தான் சொன்னார். எங்களை ஒரு முழு நாள் அந்தப் பக்கமே வரவிடவில்லை. ஐசோசயனேட் ஆவி ஒருவரின் நுரையீரலுக்கு ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா வந்துவிடும். யூடியூப் பார்த்துவிட்டுச் சின்னக் குப்பியும் துணி மாஸ்க்குமாகத் தானே கூரை முழுக்க அடிப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு அங்குலத்தோடு நிறுத்திவிட்டேன். கணக்கைச் சொல்கிறேன், உனக்குக் கணக்கு பிடிக்கும். தகரம் 60 டிகிரி, உள்ளே 32 டிகிரி என்றால் வித்தியாசம் 28. இந்த நுரையின் வெப்பக் கடத்துதிறன் 0.025 அளவில் இருக்கும், தடிமன் 0.05 மீட்டர். பெருக்கி வகுத்தால் சதுர மீட்டருக்கு 14 வாட். 20 சதுர மீட்டர் கூரைக்கு 280 வாட், அதாவது நாலு மின்விசிறி தின்னும் மின்சாரம். நான்கு அங்குலமாக அடித்திருந்தால் 140 வாட் ஆகியிருக்கும். இன்னும் இரண்டு அங்குலத்துக்குக் கொட்டும் காசில் மிஞ்சுவது வெறும் 140 வாட். விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். தகரத்தின் மேல்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்ததில் அந்த 60 டிகிரியே இறங்கிவிடுகிறது, செலவும் சொற்பம்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பாய். சொட்டுவது அடியோடு நின்றுவிட்டது. மழை பெய்யும்போதும் ‘ஒலி 96.8’ வானொலி கேட்கிறது, முன்பு அது வாயசைப்பது மட்டும்தான் தெரியும். பிற்பகல் அனல் போய்விட்டது, ஆனால் குளுகுளு என்று நினைத்துக்கொள்ளாதே. வெளியே 32 டிகிரி என்றால் உள்ளேயும் அதே 32தான், ரம்ப மோட்டார் ஓடினால் கூடவே ஒரு டிகிரி. நுரை வெயிலைத் தடுக்கும், உள்ளே பிறக்கும் சூட்டைத் தானாக வெளியே தள்ளாது. அதற்கு உச்சியில் ஒரு விசிறி வைத்து இழுக்கிறேன்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். இனி தகரம் எங்காவது ஓட்டையானால் தண்ணீர் நுரைக்குப் பின்னால் எங்கெங்கோ ஓடி வேறு மூலையில்தான் தலைகாட்டும். தகரத்தை மாற்ற நினைத்தால் நுரையோடு சேர்த்துத்தான் தூக்கிப் போட வேண்டும். என்னுடையது இரும்புச் சட்டம், அதனால் தூங்குகிறேன். மரச் சட்டமாக இருந்தால் கறையான் உள்ளே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தெரியாது. பிரிட்டனில் மரக் கூரைக்கு உள்பக்கம் இந்த நுரை அடித்த வீடுகளுக்குப் பல வங்கிகள் அடமானக் கடன் தர மறுக்கின்றன. மரம் நன்றாக இருக்கிறதா, ஊறிக் கிடக்கிறதா என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

இப்போது நெருப்பு. கடிதத்தை இதற்காகத்தான் எழுதுகிறேன், கவனமாகப் படி.

நாம் வேலை பார்த்த கப்பல் பட்டறையில், இறைச்சி ஏற்றும் குளிர்சாதனக் கப்பல் ஒன்றில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மேல்தளத்தில் ஒரு சின்ன பிராக்கெட்டுக்கு வெல்டிங். தட்டுக்கு அடியில் குளிர் அறையின் நுரை. வெல்டிங் முடித்து, ஆள் கையுறையைக் கழற்றி, தேநீருக்கும் போய்விட்டார். அப்புறம்தான் கீழே இருந்து மஞ்சளும் கறுப்புமாகப் புகை வந்தது. பொறி ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை, தட்டின் சூடே போதுமானதாக இருந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். அது தெரிந்ததால்தான் நம் போர்மேன் அன்று அப்படிக் கத்தினார். நுரையில் தீத்தடுப்பு மருந்து கலந்திருக்கிறது என்று விற்பவர்கள் சொல்வது பொய்யில்லை. தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இசைக்கூடத்தில், சுவரில் ஒலியடக்க ஒட்டியிருந்த பாலியுரித்தேன் நுரையில் மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டு 100 பேர் செத்துப்போனார்கள். நிமிடக் கணக்கில் முடிந்த கதை.

என் பட்டறையில் மரவேலைதான். நுரைக்குக் கீழே எரியாத கால்சியம் சிலிக்கேட் பலகை அடித்து முழுக்க மூடியிருக்கிறேன். நுரையாக எங்கேயும் கண்ணுக்குத் தெரியாது. அப்படியும் கிரைண்டரைத் தெருப்பக்கம் எடுத்துப் போய்த்தான் ஓட்டுகிறேன். உன் கதை வேறு. கேட், கிரில், வண்டிப் பெட்டி என்று நாள் முழுக்கப் பொறி பறக்கிற இடம். போதாததற்குக் கூரைச் சட்டத்திலேயே கொக்கி வெல்டு செய்து சங்கிலிக் கப்பி மாட்டுகிற ஆள் நீ. பலகையால் மூடினாலும் அந்தச் சட்டம் வழியாகச் சூடு நுரைக்குள் போகும். ஆகவே உனக்கு நுரை வேண்டாம். தடிமன் குறைத்து அடித்தால் பரவாயில்லையா, நல்ல கம்பெனியாகப் பார்த்தால் சரியா என்றெல்லாம் பேரம் பேசாதே.

இன்னொன்று. “பழைய ஷீட்” என்று மட்டும் எழுதியிருக்கிறாய். தகரமா, சிமெண்ட் ஷீட்டா? சாம்பல் நிறச் சிமெண்ட் ஷீட் என்றால் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள். இங்கே கட்டடங்களில் அதை 1989இலேயே தடை செய்துவிட்டார்கள். பழைய வீடுகளில் மிச்சம் இருப்பதை எடுக்கக்கூட அனுமதி பெற்ற நிறுவனம்தான் வர வேண்டும். உங்கள் பக்கம் இன்னும் கடையில் கிடைக்கிறது. அதைத் துளையிடாதே, தேய்க்காதே, பாசி போகட்டும் என்று அழுத்தத் தண்ணீர் அடிக்காதே. மேலே ஏறவே ஏறாதே, நம் எடைக்கு அது தாங்காது. மாற்றுவதாக இருந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு, உடைக்காமல், முழுத் தகடாக இறக்கச் சொல்.

தகரம் என்றால் வேலை சுலபம். மேலே வெள்ளை அடி. அதற்கும் மேலே ஓர் அரை முழ இடைவெளி விட்டு இன்னொரு தகரக் கூரை போடு, பக்கங்களைத் திறந்தே விடு. இங்கே அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளின் மொட்டைமாடியில் கான்கிரீட் பலகைகளைச் சின்னத் தூண்களில் உயர்த்திப் பரப்பியிருப்பார்களே, அதே தத்துவம். வெயிலை மேலடுக்கு வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று சூட்டை அள்ளிப் போகும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் உள்ளே பாறைக் கம்பளி வைத்துப் பலகை அடித்துக்கொள். அது எரியாது. உங்கள் ஊரில் கோடைக் காற்றில் ஈரம் இங்கே அளவுக்கு இல்லை, தகரம் வியர்ப்பது பெரிய தொல்லையாக இருக்காது. வெல்டிங் புகை போக உச்சியில் சுழலும் காற்றுப்போக்கி இரண்டு வை. அதை நீ வெயிலுக்காக இல்லாவிட்டாலும் உன் நெஞ்சுக்காக எப்போதோ செய்திருக்க வேண்டும்.

ஷீட்டின் வெட்டிய ஓரம் தெரிகிற மாதிரி நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. கூரையின் நீளம் அகலம், சட்டங்களுக்கு இடையே எத்தனை அடி என்பதையும் எழுது. மேல்தகரத்தைச் சட்டம் தாங்குமா என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தை அவளிடமே படிக்கக் கொடு, நீ மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள்.

அன்புடன்,
உன் கூட்டாளி