அப்பா புறாவும் அடைகாக்கும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ராஜபாளையத்தில் நூற்பு மில்லில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் காபிக்கு முன்னால் உங்கள் பேப்பரைப் பிரித்துவிடுவேன். ஆசிரியருக்கு என்று இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த இரண்டே வரி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறா படம் ஒன்றைப் போட்டு, தாய்ப்பறவை இரவும் பகலும் அடைகாக்கும், தந்தைப்பறவை வெளியே போய் இரை தேடும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதே வாரம் நோட்டில் ஒரு புறாவை வரைந்து, கீழே 'அப்பா புறா முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது' என்று எழுதிக்கொண்டு போனாள். 'அப்பா' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'அம்மா' என்று திருத்தி நோட்டு திரும்பி வந்தது. டீச்சரை நான் குறை சொல்லவில்லை. அவர் பார்த்ததும் உங்கள் பக்கத்தைத்தான். ஆனால் பிள்ளை எழுதியது சரி. கண்ணால் பார்த்து எழுதியது.

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மேலே மின்சார மீட்டர் பெட்டி இருக்கிறது. அதற்கும் சன்ஷேடுக்கும் நடுவில் ஒரு சாண் இடம். மாசி மாதம் ஒரு ஜோடி மணிப்புறா அங்கே கூடு கட்டத் தொடங்கியது. பின்கழுத்தில் கறுப்புப் பட்டையில் வெள்ளைப் புள்ளி தெளித்தது போல இருக்குமே, புள்ளிப்புறா என்றும் சொல்வார்கள், அதுதான். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இருபது முப்பது சுள்ளி, கொஞ்சம் வேப்பங்காம்பு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இடுக்கு வழியாக முட்டையின் வெள்ளை தெரியும்.

இந்தப் புறாக்களில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கூடு கட்டும்போதுதான் அடையாளம் பிடித்தோம். சுள்ளியைத் தேடிக் கொண்டு வருவது ஆண். கூட்டில் உட்கார்ந்தபடி அதை வாங்கி நெஞ்சுக்கு அடியில் செருகிக்கொள்வது பெண். எங்கள் வீட்டு ஆணுக்கு வாலில் ஓர் இறகு பாதியில் ஒடிந்து தொங்கியது. பேத்தி அதற்கு 'ஒடிவால்' என்று பெயர் வைத்தாள். அதன்பிறகு எங்களுக்குக் குழப்பமே இல்லை.

இரண்டு முட்டை. இரண்டாவது முட்டை வந்த நாளிலிருந்து பேத்தியும் நானும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் குறித்தோம். காலையில் ஒன்பதே காலிலிருந்து பத்து மணிக்குள் ஒடிவால் வந்துவிடும். வந்ததும் நேராகக் கூட்டுக்குப் போகாது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கும். தாழ்ந்த குரலில் ஒருதரம் கூவும். அப்புறம் மீட்டர் பெட்டியின் விளிம்பில் இறங்கி நடந்து போகும். உட்கார்ந்திருக்கும் பெண் சில நாள் உடனே எழுந்து கொடுக்காது. அப்போது ஒடிவால் பக்கத்தில் நெருங்கி, தன் நெஞ்சை அதன் விலாவுக்கு அடியில் கொடுத்து மெல்லத் தள்ளும். பெண் கால் விரலை மடக்கி, முட்டை உருண்டுவிடாமல் எழுந்து பறக்கும். ஒடிவால் குனிந்து அலகால் இரண்டு முட்டையையும் ஒரு புரட்டுப் புரட்டி, வயிற்று இறகை விரித்துக்கொண்டு, இடமும் வலமுமாக உடம்பை அசைத்து உட்காரும். புரட்டாவிட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் முடிய அரை நிமிடம்கூட ஆகாது.

பிறகு சாயங்காலம் நாலரை, ஐந்து மணி வரை ஒடிவால்தான். அதற்கு மேல் பெண் வந்து உட்கார்ந்தால் இரவு முழுக்க அதன் பொறுப்பு. ஒருநாள் மதில்மேல் பூனை படுத்திருந்தது. பெண் வரவில்லை. மணி ஐந்தரை, ஆறு ஆகியும் ஒடிவால் இடத்தை விட்டு அசையவில்லை. பூனையை நான்தான் விரட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் ஆள் மாறியது.

இதைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று மில் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1984இல் எங்கள் மூத்த பெண் பிறந்தாள். மனைவிக்கு ரீலிங்கில் பகல் ஷிப்ட், எட்டிலிருந்து நாலு. எனக்கு ரிங் பிரேமில் அரை நைட், நாலிலிருந்து பன்னிரண்டு. பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. பகல் முழுக்கக் குழந்தை என்னிடம். பாட்டில் பால், தொட்டில், துணி அலசுவது எல்லாம் நான்தான். நாலு மணிச் சங்கு ஊதும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மில் கேட்டில் நிற்பேன். அவள் தலையில் பஞ்சோடு வெளியே வருவாள். குழந்தையை வாங்கிக்கொள்வாள், நான் உள்ளே ஓடுவேன். வாட்ச்மேன் அண்ணன் ஐந்து நிமிடம் கண்டுகொள்ள மாட்டார். பொம்பளை வேலையை இவன் செய்கிறானே என்று தெருவில் பேசினார்கள். அது எனக்கு அப்போது வலித்தது. நாற்பது வருடம் கழித்து, பகலில் ஆண், சாயங்காலம் முதல் பெண் என்று அதே நேரக்கணக்கை மீட்டர் பெட்டி மேல் பார்த்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குஞ்சு பொரிக்கச் சில நாள் இருக்கும்போதே புறாவின் தீனிப்பையின் உள்சுவர் தடித்து, தயிர்க்கட்டி போல ஒன்று உண்டாகத் தொடங்கும். புறாப்பால் என்பது அதுதான். முதல் சில நாள் குஞ்சுக்கு அதுவே உணவு. அது தாய்க்கு மட்டும் சுரப்பதில்லை, தகப்பனுக்கும் சுரக்கும். தாய்மாருக்குப் பால் ஊற வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன்தான் இங்கேயும் வேலை செய்கிறது. இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. பதினைந்தாம் நாள் காலையில் திண்ணையில் பாதி ஓடு கிடந்தது. அன்று பத்து மணிக்கு ஒடிவால் வந்து, குஞ்சின் அலகைத் தன் வாய்க்குள் வாங்கித் தலையை மேலும் கீழும் ஆட்டி ஊட்டியதை நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன்.

தாய்தான் அடைகாக்கும் என்ற எண்ணம் நமக்குக் கோழியிலிருந்து வந்திருக்க வேண்டும். கூடையில் வைக்கோல் போட்டு, அடுப்புக்கரியும் வரமிளகாயும் ஓர் இரும்புத் துண்டும் வைத்து, கோழியை அடைவைத்து 21 நாள் எண்ணிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். சேவல் அந்தப் பக்கமே வராது. மயிலும் அப்படித்தான். கோழிக்குஞ்சும் மயில்குஞ்சும் பொரித்த அன்றே எழுந்து ஓடித் தானே கொத்தித் தின்னும். தாய் ஒருத்தி சமாளித்துவிடலாம். புறாக்குஞ்சு கண் திறக்காமல் பிறக்கிறது. முட்டையோ வெள்ளை வெளேரென்று காகத்தின் கண்ணை இழுக்கும். தாய் ஒன்றே உட்கார்ந்திருந்தால் பட்டினி கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டையைக் காகத்துக்கு விட்டுவிட்டு இரைக்குப் போக வேண்டும். அதனால்தான் இரண்டும் முறை வைத்துக்கொள்கின்றன.

கண்மாய்க்கரைச் சரளையில் நாலு முட்டையிடும் ஆள்காட்டியும் ஆணும் பெண்ணுமாகத்தான் அடைகாக்கிறது. சித்திரை வெயிலில் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். அங்கே சூடு கொடுப்பதைவிடச் சூட்டைத் தணிப்பது பெரிய வேலை. அல்லியும் தாமரையும் படர்ந்த நீர்நிலைகளில் இருக்கும் நீளவால் இலைக்கோழி இன்னும் ஒரு படி மேல். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிவதும் ஆண் மட்டும். உங்கள் பக்கத்தில் எழுதியது போலத் தாய் உட்கார, தகப்பன் இரை கொண்டு வரும் பறவையும் இல்லாமலில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருவாச்சி அப்படித்தான். பெண் மரப்பொந்தின் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும், ஆண் சிறு இடுக்கு வழியாக அத்திப்பழம் ஊட்டும். அந்தப் படத்தைப் போட்டு அதை எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் போட்டது புறா.

நான் கேட்பது இரண்டு. முதலாவது, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், புறாவில் தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கும் என்று ஒரு திருத்தம் போடுங்கள். என் பேத்தி அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வாள். இரண்டாவது, கோடை விடுமுறை வருகிறது. வீட்டுப் பக்கத்தில் எந்தப் பறவை எத்தனை மணிக்கு மாறி உட்கார்கிறது என்று குறித்து அனுப்பும்படி பிள்ளைகளைக் கேளுங்கள். தூரத்தில் நின்று பார்க்க வேண்டும், கூட்டையோ முட்டையையோ தொடக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். நான் ஒரே ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறியதற்கே ஒடிவால் கால் மணி நேரம் கூட்டுக்குத் திரும்பவில்லை. அதற்கப்புறம் நான் ஏறவில்லை.

அந்தக் குஞ்சு இரண்டும் பறந்து போய்விட்டன. ஜோடி அதே கூட்டில் மேலும் நாலு சுள்ளி வைத்து மறுபடியும் முட்டையிட்டிருக்கிறது. இன்று ஒன்பது இருபதுக்கு ஆள் மாறியது. காலண்டர் தாளில் பேத்தியே எழுதினாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
ராஜபாளையம்.