வேகத்தடைக்கு அளவு இருக்கிறது, அதன்படி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தரையோடு தரையாகப் போகும் ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குகிறவர்கள் வேகத்தடையில் அடிபட்டு முன் ஸ்பாய்லரை உடைத்துக்கொள்வது அவர்களே தேடிக்கொண்ட வினை, அதற்காக ரோட்டையா மாற்ற முடியும் என்று உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கோபம் புரிகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு சைலன்சர் சத்தத்தோடு தெருவில் பறக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாம், மாற்றத்தான் வேண்டும் என்பதுதான். காருக்காக அல்ல, ஏற்கெனவே விதியில் எழுதி வைத்திருக்கும் அளவுக்காக.

சேலத்தில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பரும் அதன் கீழே வரும் ஸ்பாய்லரும், அதாவது பையன்கள் லிப் என்று சொல்வது, உடைந்து வராத வாரம் கிடையாது. கொண்டு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்: "அண்ணா, மெதுவாத்தான் ஏத்துனேன், அப்படியும் அடி வாங்கிருச்சு." பொய் என்று சொல்ல மாட்டேன். மெதுவாகப் போனாலும் உரசத்தான் செய்யும், ஏனென்றால் இது வேகத்தைப் பொறுத்த விஷயம் இல்லை, சாய்வைப் பொறுத்த விஷயம்.

கணக்கு சுலபமானது. உயரத்தைக் குறைத்து இறக்கிய ஒரு காரின் லிப் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து 90 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ், ஐ.ஆர்.சி. என்று சொல்வார்களே, அதன் 99ஆம் எண் விதித்தொகுப்பு 1988லேயே வந்துவிட்டது, 2018ல் திருத்தியும் போட்டார்கள். அதில் வட்ட வடிவ வேகத்தடைக்குச் சொல்லியிருக்கும் அளவு இது: வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் நிம்மதியாகக் கடக்கும்படி அமைத்தது. அந்தத் தடையின் விளிம்பில் டயர் வந்து நிற்கும்போது, 90 செ.மீ. முன்னால் இருக்கும் லிப்புக்குக் கீழே தடையின் உயரம் ஏழரை செ.மீ.தான். லிப் தப்பிவிடும். டயர் ஏற ஏற மூக்கும் சேர்ந்து உயர்ந்துவிடும். ஆக, இவ்வளவு தாழ்ந்த கார்கூட விதிப்படி போட்ட தடையைத் தொடாமல் கடக்கலாம்.

இப்போது நம் தெருக்களில் இருப்பதைப் பாருங்கள். நாலடி அகலம், அரையடி உயரம், மேலே கூம்பாக ஒரு முதுகு. 1.2 மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரம் என்றால் 60 செ.மீ. போவதற்குள் உச்சி வந்துவிடுகிறது. டயர் தடையைத் தொடுவதற்கு முன்பே லிப் போய் அதில் முட்டியிருக்கும். நீங்கள் நடக்கிற வேகத்தில் போனாலும் சரி, நின்று நின்று போனாலும் சரி, முட்டத்தான் செய்யும். விதிப்படியான தடையின் விளிம்பில் சாய்வு ஏறத்தாழ 6 டிகிரி, இந்தக் கூம்பில் 28 டிகிரி வரை போகிறது. இதில் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும்தான் அடிபடுகிறது என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஹேட்ச்பேக்குக்குச் சுமார் 16, 17 செ.மீ. இடைவெளி இருக்கும், ஐந்து பேரும் டிக்கி நிறையப் பைகளுமாக ஏற்காட்டுக்குக் கிளம்பினால் அது இறங்கிவிடும், அப்புறம் நடு வயிறு தட்டுகிறது. பின் சீட்டில் கர்ப்பிணியோ, முதுகு ஆபரேஷன் செய்தவரோ, ஆம்புலன்ஸில் ஒரு நோயாளியோ இருந்தால் அந்தக் குலுக்கல் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக் கோடு அழிந்து, தெருவிளக்கும் எரியாத இடத்தில் இரண்டு சக்கர வண்டி இதில் ஏறினால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தாழ்ந்த கார் முதலில் உரசுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கூம்புகள் எப்படி வருகின்றன என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை அடிபடுகிறது, அல்லது நூலிழையில் தப்பிக்கிறது. மனுக் கொடுக்கிறார்கள், நாளாகிறது, பொறுக்க முடியாமல் ஊர்க்காரர்களே இரவோடு இரவாக சிமென்ட்டைக் கொட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் உண்மையானது, என் தெருவிலும் குழந்தைகள் விளையாடுகிறார்கள். வேகத்தடையே வேண்டாம் என்று சொல்கிற ஆளில்லை நான். கேட்ட உடனே அளவோடு போட்டுக் கொடுத்தால் யாரும் சிமென்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர மாட்டார்கள். கருப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றும் அதே விதித்தொகுப்பில் இருக்கிறது. அப்புறம் அடுக்குமாடிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் போல்ட் போட்டு முடுக்கும் ரப்பர் தடைகள். அவை நடுவில் பிய்ந்து போனபின் போல்ட்டின் தலை மட்டும் தரையில் நீட்டிக்கொண்டிருக்கும். அது லிப்பையும் கிழிக்கும், டயரையும் கிழிக்கும்.

சாலையின் ஓரம் இன்னொரு தொல்லை. பழைய தார் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, ஓரத்தில் மண் பள்ளமாகிறது, வீட்டு வாசல் சாய்தளங்கள் செங்குத்தாகின்றன. எதிரே பஸ் வந்து ஓரம் கட்டினால் ஒரு பக்கச் சக்கரம் இறங்கி லிப் தார் விளிம்பில் உட்கார்ந்துவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அதை ஒவ்வொரு தெருவிலும் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, ரோடு நேராகும் வரை கார்க்காரர்கள் என்ன செய்வது? இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறான வழியில் பணத்தைக் கொட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

முதலில், இரும்புக் கம்பி வேண்டாம். பம்பரைக் காப்பாற்ற முன்னால் ஒரு கார்டு, அதாவது இரும்புத் தடுப்பு, அடித்துக் கொடுங்கள் என்று இன்னும் வந்து கேட்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. நடந்து போகிறவர் மேல் அது பட்டால் எலும்பு நொறுங்கும், மோதலின்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கும். ஒரு பிளாஸ்டிக் துண்டைக் காப்பாற்ற இன்னொருவர் காலைப் பணயம் வைக்கக் கூடாது. அந்த வேலையை நான் செய்வதில்லை.

காரை இறக்குகிற விஷயத்திலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கம்பெனியிலிருந்தே தாழ்வாக வரும் கார்கள் வேறு. வாங்கியபின் ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது மிக ஆபத்து. சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகிவிடும், மலையில் அது நடந்தால் நினைத்தே பார்க்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இது தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் முழிக்கிறார்கள்.

லிப்பைப் பொறுத்தவரை எதில் செய்தது என்பது முக்கியம். பாலியூரித்தேன் வளையும், உரசினால் சுரண்டல் விழும், மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும். ஃபைபர் வளையாது, விரிசல் விட்டுச் சில்லு சில்லாகப் பெயரும். கார்பன் ஃபைபர் பார்க்க அழகு, விலையைக் கேட்டால் மயக்கம் வரும், நம் ரோட்டில் முதல் வாரமே போய்விடும். இந்த லிப் வெறும் அழகுக்கு இல்லை, வேகமாகப் போகும்போது காருக்கு அடியில் நுழையும் காற்றைக் குறைத்து முன்பக்கம் தூக்காமல் வைப்பதுதான் அதன் வேலை. அதனால் உடைந்தால் கழற்றி வீசிவிடுங்கள் என்று நான் சொல்வதில்லை. அதன் அடியில் ஒரு கடினமான நைலான் பட்டையையோ ரப்பர் பட்டையையோ ஸ்குரூ போட்டு மாட்டச் சொல்கிறேன். செருப்பின் அடி தேய்ந்தால் அடியை மட்டும் மாற்றுகிற மாதிரி, பட்டை தேய்ந்தால் பட்டையை மட்டும் மாற்றிவிடலாம், பெயிண்ட் தப்பிக்கும். லிப்பை பம்பரோடு பிணைக்கும்போது போல்ட் போட்டு இறுக்காமல் பிளாஸ்டிக் கிளிப்பில் நிறுத்துங்கள். பெரிய அடி விழுந்தால் கிளிப் உடைந்து லிப் மட்டும் கழன்று வரும், பம்பரைக் கிழித்துக்கொண்டு வராது. மேலே ஒட்டும் தெளிவான பிலிம் கல் தெறிப்புக்கு நல்லது, உரசலுக்கு அது போதவே போதாது. மூக்கைத் தூக்கும் லிஃப்ட் அமைப்பு கம்பெனியிலேயே வந்தால் பயன்படுத்துங்கள், வேகத்தடைக்கு முன்பே பட்டனை அழுத்துங்கள், அது உயர கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ஓட்டுவதில் ஒரு தவறு எல்லோரும் செய்வது: தடை மேல் ஏறும் நொடியில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து மூக்கு இறங்கும், சரியாக இறங்கக் கூடாத நேரத்தில் இறங்கும். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, டயர் ஏறும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். சாய்வாக ஏற்றினால் ஒரு சக்கரம் முதலில் ஏறி அந்தப் பக்கத்து மூலையைத் தூக்கிவிடும், பம்பரின் மூலைகள் பின்னால் வளைந்திருப்பதால் அங்கே இடமும் அதிகம். ஆனால் கண்ணாடியைப் பார்க்காமல் சாய்க்காதீர்கள். பக்கத்தில் ஸ்கூட்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா வருவார். இடம் இல்லையென்றால் லிப் உரசட்டும், நேராகவே ஏறுங்கள். தடைக்கும் சாக்கடைக்கும் இடையே உள்ள சந்தில் நுழைந்து தப்பிக்கப் பார்ப்பதும் எதிர்ப்பக்கம் ஏறிப் போவதும் கூடவே கூடாது.

ஏற்காடு மலைப்பாதை தனிக் கதை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் உள்பக்க ஓரம்தான் மிகச் செங்குத்து. உள்பக்கத்தை ஒட்டித் திரும்பினால் சாய்வு சட்டென்று மாறும் இடத்தில் லிப் கண்டிப்பாக உரசும். உங்கள் பாதியிலேயே இருந்துகொண்டு முடிந்தவரை அகலமாகத் திரும்புங்கள், எதிரே வண்டி வந்தால் நில்லுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம், அதை மேலிருந்து வருகிறவர்கள் மதித்தாலே பாதி உரசல் குறையும். இறங்கும்போது குறைந்த கியரில் இறங்குங்கள், பிரேக்கை விடாமல் மிதித்தால் மூக்கு முழுப் பாதையும் தாழ்ந்தே இருக்கும், பிரேக்கும் சூடேறும். மழைக்காலத்தில் தாழ்ந்த காரை மேலே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தது நினைவிருக்கும். சிறு மழைக்கே முட்டி அளவுக் கல் ஒன்று வளைவில் கிடக்கலாம். மேலே நிறுத்தும்போது பின்பக்கமாகவே நிறுத்துங்கள், நிறுத்துமிடத்துச் சிமென்ட் கட்டையில் ஏறி லிப்பைப் பிய்த்துக்கொண்டு வருகிற கார்கள் கோடை விழா முடிந்த கையோடு என்னிடம் வருகின்றன.

சாலைத் துறைகளுக்கு ஒரு யோசனை. வேகத்தடை போடும் மேஸ்திரியிடம் ஆரம், டிகிரி என்றெல்லாம் பேச வேண்டியதில்லை. எட்டடி பிளைவுட் ஒன்றில் தடையின் பாதி வளைவை வெட்டிக் கொடுத்தால் போதும். நடுவில் உயரம் 10 செ.மீ., நடுவிலிருந்து அரை மீட்டரில் 9.3, ஒரு மீட்டரில் 7.1, ஒன்றரை மீட்டரில் மூன்றரை, 1.85 மீட்டரில் தரை. தார் சூடாக இருக்கும்போதே அந்தப் பலகையை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, இடைவெளி தெரிந்தால் அங்கேயே சரிசெய்துவிடலாம். ஊர்க்காரர்கள் போட்ட கூம்பை எடுக்கும்போதும் வெறுமனே உடைத்துவிட்டுப் போகாமல், அதே நாளில் அதே இடத்தில் அளவோடு ஒன்றைப் போட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் மறுநாளே மறுபடி சிமென்ட் கொட்டுவார்கள், கொட்டுவதில் நியாயமும் இருக்கும்.

ஒரு பலகை இருந்தால் எத்தனை தெருவுக்கும் அதையே எடுத்துக்கொண்டு போகலாம். எந்த வார்டுக்காவது வேண்டுமென்றால் என் பட்டறையில் காசு வாங்காமல் வெட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறைக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்