ஒரு பாடத்தை முழுசாகப் பார்க்க விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். இரண்டாமாண்டு படிக்கிறேன். இப்போது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி. பி.எட். படிப்பை மறுபடியும் ஓராண்டாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறதே, அதனால்தான் இந்தக் கடிதம். குறைக்கும்போது முதலில் கத்திரி விழப்போவது வகுப்பைக் கவனிக்கும் வேலையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இப்போதே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நாங்கள் பாடம் நடத்துவதோடு, மூத்த ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து கவனித்துப் பதிவேடும் எழுத வேண்டும். எங்கள் கல்லூரியில் பத்து வகுப்பு, பத்து படிவம். பாடம் தொடங்கும் திறன், வினா கேட்கும் திறன், வலுவூட்டும் திறன் (சரியான பதிலைப் பாராட்டி ஊக்குவிப்பது), கரும்பலகைத் திறன், முடிக்கும் திறன் என்று வரிசையாக இருக்கும். எதிரே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். விடுதியில் ஒரே ராத்திரியில் பத்தையும் நிரப்பியவர்கள் உண்டு. நானும் முதல் இரண்டை அப்படித்தான் நிரப்பினேன், மறைக்கவில்லை.

மூன்றாவது படிவத்துக்காகப் பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மின்னோட்டவியல் பாடம். நடத்தும் டீச்சருக்கு இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். கடைசி பெஞ்சுக்குப் போகப்போன என்னை நிறுத்தி, பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொன்னார்.

மேசைமேல் ஒரு மரப்பலகை. அதில் இரண்டு டார்ச் பல்புகள், தொடர் இணைப்பில், அதாவது ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு செல், ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போடாமலே, "எந்த பல்பு நல்லா எரியும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே நின்றார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றி நாங்கள் படித்திருக்கிறோம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் மாறிவிடுகிறது என்று 1970களில் எழுதியவர். தேர்வில் அதை எழுதி மார்க்கும் வாங்கினேன். அன்றைக்குத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: பதினொரு விநாடி. நானாக இருந்தால் அதற்குள் பதிலை நானே சொல்லிக் கரும்பலகையில் எழுதியும் முடித்திருப்பேன்.

முக்கால்வாசிப் பேர் முதல் பல்புதான் என்றார்கள். "தலைமடை வயலுக்குத்தானே டீச்சர் முதல்ல தண்ணி. அது குடிச்சது போக மிச்சந்தானே கடைமடைக்கு?" என்றான் ஒரு பையன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான பதில் எங்கிருந்து வரும்?

சுவிட்சைப் போட்டார். முதல் பல்பு பளிச்சென்று எரிந்தது, இரண்டாவது மங்கலாக. வகுப்பே கத்தியது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரே மாதிரி பல்புகள் என்றால் இரண்டும் சமமாகத்தான் எரிய வேண்டும். நானாக இருந்தால், "பல்பு சரியில்லை, சமமா எரியும்னு எழுதிக்கோங்க" என்றிருப்பேன்.

டீச்சர் ஒன்றுமே சொல்லவில்லை. பல்புகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். இப்போது இரண்டாவது இடத்தில் இருந்தது பளிச்சென்று எரிந்தது. சத்தம் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அவ்வளவாகப் பேசாத ஒரு பெண், "அப்ப எடத்துல ஒண்ணும் இல்ல டீச்சர், பல்புலதான் என்னமோ இருக்கு" என்றாள். 'குட்' இல்லை, 'கைதட்டுங்கள்' இல்லை. "சரி, கரண்ட் குறையுதா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது?" என்றார் டீச்சர். மணி அடித்தது. பலகையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் படிவத்தில் வலுவூட்டும் திறனுக்கு 2, முடிக்கும் திறனுக்கு 1 போட்டேன். தொகுத்துச் சொல்லவில்லையே! வேடிக்கை என்னவென்றால், அந்தப் படிவத்தில் அவரேதான் கையெழுத்துப் போட வேண்டும். படித்தார், சிரித்தார், போட்டுக் கொடுத்தார். "நாளைக்கும் வாம்மா" என்றார்.

மறுநாள் எனக்கு வேறு வகுப்பு, நான்காவது படிவம். கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அந்தத் தலைமடைப் பையன் கையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைக் கொடுத்திருந்தார். முனைகளை மாற்றி இணைத்ததில் முள் இடதுபக்கம் போய் முட்டியது. அவனே பார்த்துத் திருத்தினான். முதல் பல்புக்கு முன்னால் ஒரு தடவை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. மூன்றிலும் 0.2 ஆம்பியர்தான். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்ப எதைத்தான் டீச்சர் குடிக்குது?" என்றான்.

மின்னழுத்தம் என்ற சொல்லைச் சொல்ல இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. டீச்சரோ, "நாளைக்கு வோல்ட்மீட்டர் எடுத்துட்டு வரேன்" என்றதோடு சரி.

அன்று ஸ்டாஃப் ரூமில், அந்தப் பல்பு எப்படி அமைந்தது என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த வருஷம் தற்செயலாக அப்படி ஆகி வியர்த்துப்போனதாம். இரண்டுக்கும் மின்தடை வேறு வேறு. ஒரே மின்னோட்டம் பாயும்போது மின்தடை குறைந்தது மங்கலாகத்தான் எரியும். அன்றிலிருந்து வேண்டுமென்றே பொருந்தாத ஜோடியாகக் கேட்டு வாங்குகிறாராம். "கடைக்காரர் ஒரு மாதிரியாப் பார்ப்பார்" என்றார். இதை எழுத என் படிவத்தில் கட்டம் கிடையாது.

பொதுத்தேர்வு வைத்துக்கொண்டு ஒரு பல்புக்கு மூன்று பீரியடா என்று பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இது விளங்கிய பிள்ளைகளுக்குத் தொடர் இணைப்புக் கணக்கெல்லாம் ஒரே பீரியடில் முடிந்துவிடும் என்று டீச்சர் சொன்னார்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (NCTE) 2014 விதிமுறைகளின்படி எங்களுக்குப் பள்ளிப் பயிற்சி 20 வாரம். காலம் போதவில்லை என்று நான் சொல்லவில்லை. அதில் எத்தனையோ பீரியட், லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைச் சத்தம் போடாமல் உட்கார வைப்பதிலேயே போகிறது. பத்து ஆசிரியர்களின் பத்து வகுப்பைத் துண்டு துண்டாகப் பார்ப்பதற்குப் பதில், ஒரே ஆசிரியரின் ஒரே பாடத்தை, தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை அதே வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மதிப்பெண் கட்டங்களுக்குப் பதில் வெற்றுத்தாள் போதும். அந்த நாட்களில் வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு பீரியடாவது ஓய்வு கொடுத்தால், நடந்ததை எங்களிடம் பேச நேரம் இருக்கும். இதற்குப் பணம் செலவில்லை. படிப்பு ஓராண்டாகவே ஆனாலும் இதைச் செய்யலாம்.

மூன்றாம் நாள் நான் போகவில்லை. கல்லூரியில் பதிவேடு சரிபார்ப்பு. பத்து படிவமும் இருக்கிறதா என்று எண்ணினார்கள். அந்தப் பையனின் கேள்வியை எப்படி எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று பிறகு டீச்சரிடம் கேட்டேன். "அதைச் சொன்னா புரியாதும்மா, நீ இருந்திருக்கணும்" என்றார்.

பி.எட். மாணவி (பெயர் வெளியிட வேண்டாம்),
தஞ்சாவூர் மாவட்டம்.