ஓநாயிடமிருந்து அவளைக் காப்பாற்றியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய தேவதைக் கதைகளை இக்கால எழுத்தாளர்கள் மாற்றி எழுதுவது மூலத்தைச் சிதைக்கும் செயல் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருந்தி எழுதியிருந்தார். அத்தகைய மறுகதைகளைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருபவள் என்ற முறையில், அவர் காக்க நினைக்கும் மூலம் எது என்று கேட்க விரும்புகிறேன்.

சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியையும் பாட்டியையும் வேட்டைக்காரர் உயிரோடு மீட்பதாக நாம் அறிந்திருக்கும் வடிவம், கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மன் தொகுப்பில் உள்ளது. அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, 1697இல், பிரான்சில் ஷார்ல் பெரோ எழுதிய கதையில் வேட்டைக்காரரே இல்லை. ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, அதன்பின் இனிக்கப் பேசும் ஓநாய்களிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு இளம்பெண்களுக்குச் செய்யுளில் ஓர் அறிவுரை வருகிறது. பிரெஞ்சுக் கிராமத்து மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிவான வடிவமோ இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அவசரமாக வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள் சிறுமி. ஓநாய் அவள் காலில் கயிற்றைக் கட்டி அனுப்புகிறது. அவள் அதை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடித் தப்பிக்கிறாள். யாருடைய துணையும் அவளுக்குத் தேவைப்படவில்லை. இதை முதன்முறை படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அறிவுரைக்காகப் பெரோ சாகவிட்ட சிறுமி, பாட்டிமார் கதையில் தன் புத்தியாலேயே பிழைத்திருந்தாளே என்ற எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை.

கிரிம் சகோதரர்களும் கேட்டதைக் கேட்டபடியே விட்டுவைத்தவர்கள் அல்லர். 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் அவளைப் பெற்ற தாயே. தாய் அவ்வாறு செய்யலாகாது என்று எண்ணிப் பின்னர் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். இப்படி அவர்கள் 1857 வரை ஏழு பதிப்புகளில் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

அந்த உரிமையைத்தான் இன்றைய எழுத்தாளர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். மனைவியரை ஒருவர் பின் ஒருவராகக் கொல்லும் நீலத்தாடிக்காரனின் கதையில், கடைசி மனைவியைக் காப்பாற்ற அவளுடைய சகோதரர்கள் வருவதாகப் பெரோ எழுதினார்; அக்கதையை 1979இல் மாற்றி எழுதிய ஆஞ்செலா கார்ட்டர், அவர்களுக்குப் பதிலாக அவளுடைய தாயைக் குதிரையேற்றிக் கையில் துப்பாக்கியோடு அனுப்பினார். சகோதரர்களை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பிய எனக்கு அந்தத் தாயைக் கண்டதும் உண்டான மகிழ்ச்சி, பழைய கதை தெரிந்திருந்ததால்தான் கிடைத்தது. அதை அறியாதவருக்கு அவள் வருகையில் வியப்பு பாதியாகிவிடும்.

எல்லா மறுகதைகளும் இத்தகையவை என்று நான் சொல்லவில்லை. சூனியக்காரிக்கு ஒரு துயரமான இளமையைக் கொடுத்துவிட்டாலே போதும் என்று எழுதப்படுபவை என் மனத்தில் நிற்பதில்லை, ஏனெனில் அவை அவளுடைய தீமையைப் பற்றி நம்மை எதுவும் சிந்திக்க வைப்பதில்லை.

ஆகவே, தங்கள் இதழின் சிறுவர் பகுதியில் மறுகதை ஒன்றை வெளியிடும்போதெல்லாம், அதன் பழைய வடிவங்களுள் ஒன்றையேனும் அதே பக்கத்தில் அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி