பன்னிரண்டாம் மாடியில் டைல் வெட்டிய தம்பிக்கு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் சொந்தங்களுக்கும்,

வணக்கம். என் மகனின் பிஎஸ்எல்இ முடிவு, அதாவது சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வின் முடிவு, வந்து இரண்டு நாளாகிறது, நடுக்கம் இன்னும் விடவில்லை. இந்த ஆறு மாதமும் எங்கள் வீடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பிரிலிம், அதுதான் பள்ளி வைக்கும் முன்னோட்டத் தேர்வு, மதிப்பெண் வந்த அன்று ராத்திரி நான் போட்ட சத்தம் காரிடார் முழுக்கக் கேட்டிருக்கும். அதையெல்லாம் மறுபடி சொல்லப் போவதில்லை. பிள்ளை 22 எடுத்துவிட்டான். அடுத்த வருஷம் உயர்நிலைப்பள்ளியில் முதல் வகுப்பு.

22 என்றதும் ஜூரோங் பெரியம்மா, "என்னடி, அவ்வளவுதானா!" என்று பதறிவிட்டார். பெரியம்மா பிள்ளைகள் பிஎஸ்எல்இ எழுதிய காலத்தில் இருநூறைத் தாண்டினார்களா என்பதுதான் பேச்சு. 2021லிருந்து கணக்கே தலைகீழ். ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு நிலை, நான்கு பாடத்தையும் கூட்டினால் 4 உச்சம், 32 கடைசி. கணிதத்தில் 45 எடுத்தாலும் ஆறு, 64 எடுத்தாலும் ஆறு. 44 என்றால் ஏழு. பிரிலிமில் இவன் அந்த 44க்கும் கீழே கிடந்தான். "இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு டியூஷன் நிலையம் கைவிரித்ததும் அந்த வாரம்தான். பெயர் வேண்டாம், விடுங்கள்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒருவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் விடுமுறை முடிந்த மறுநாள் எங்கள் தலைக்கு மேல் வீட்டில் ரெனவேஷன் தொடங்கியது. லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். விதிப்படி வார நாட்களில் 9 மணியிலிருந்து 5 மணி வரை சத்தம் போடும் வேலை செய்யலாம், குறை சொல்ல இடமே இல்லை. எழுத்துத் தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரம். பிள்ளை 2 மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கணக்கைத் திறப்பான், மேலே டைல் வெட்டும் மிஷின் கிளம்பும். பல்லைக் குடைகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டாம் நாள் அவன் காதில் டிஷ்யூவைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். சண்டை போடும் முகத்தோடுதான் மாடி ஏறினேன்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே புழுதி. ஒரு தம்பி குந்தி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார், கண்ணிமை வரைக்கும் வெள்ளை. நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். மிஷினை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, "தமிழா அக்கா?" என்றார். என் வேகம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு, சமாதானம் எதுவும் பேசவில்லை. "தம்பி எத்தனை மணிக்கு வரும்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "பேரு என்ன?" சொன்னேன். "சரிக்கா, பாத்துக்கிறேன்."

நான் நம்பவில்லை. முதலாளி கேட்பாரா, இவர் சொல் எடுபடுமா? ஆனால் மறுநாள் 2 மணி அடித்தது, மேலே மிஷின் நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சத்தமான வேலை முழுவதையும் காலையில் முடித்துக்கொண்டு, பிற்பகலில் ஓடு பதிப்பது, சிமெண்ட் பூசுவது, மூட்டை தூக்குவது என்று வேலையையே மாற்றி அடுக்கிக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதனால் அவருக்கு எத்தனை நாள் நேரமானதோ, யாரிடம் என்ன பேச்சு வாங்கினாரோ.

ஒரு நாள் பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு போனேன். அவர் கீழே போயிருந்தார். கதவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. டைல் பெட்டியிலிருந்து கிழித்த துண்டு, ஓரமெல்லாம் சிமெண்ட் விரல் தடம். மார்க்கரில் தமிழில், "2 மணிக்கு மேல் மிசின் போட வேண்டாம். கீழே பரிச்சை." அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில், பங்களாதேஷ் தம்பியுடையதாக இருக்க வேண்டும், வங்காளத்தில் இரண்டு வரி. அங்கேயே நின்று அழுதேன், வேறென்ன செய்ய?

வேலை முடிந்து குப்பையை இறக்கிய அன்று அந்த அட்டையை எடுத்து வந்துவிட்டேன். பார்த்ததும் என் மகன் சொன்னான்: "அம்மா, 'பரீட்சை' தப்பா எழுதியிருக்கு." தமிழில் பிழை திருத்தச் சொன்னாலே முழிக்கிறவன்! தமிழாசிரியைக்குச் சொன்னேன், சிரித்துக்கொண்டே இருந்தார்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளி முடிந்த பிறகும் அவனை உட்கார வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்த வகுப்பாசிரியர், வாய்மொழித் தேர்வுக்குத் தினமும் ஒரு காணொளி அனுப்பிய தமிழாசிரியை, சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) வகுப்பு ஆசிரியர், அக்கா பிள்ளையின் பழைய தாள்களைக் கட்டித் தூக்கி வந்த எதிர்வீட்டு மலாய்க் குடும்பம், ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்த என் சூப்பர்வைசர், கறி பஃப் அனுப்பியவர்கள், "எத்தனை மார்க்?" என்று கேட்காமல் லிஃப்ட்டில் வெறுமனே தலையசைத்தவர்கள். எல்லோருக்கும் என் நன்றி. கடைசியில் சொன்னவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. நானே எத்தனை பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன்! இனி கேட்க மாட்டேன்.

அந்தத் தம்பி என் மகன் பெயரைக் கேட்டார். நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. மூன்று வாரம் தலைக்கு மேலேயே இருந்தவர். இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அறந்தாங்கிப் பக்கம் என்று ஒருமுறை சொன்னார், அதுதான் என் கையில் இருக்கும் ஒரே துப்பு. இப்போது எந்தத் தொழிலாளர் டார்மிட்டரியில் இருக்கிறாரோ, எந்தப் புளோக்கில் டைல் வெட்டுகிறாரோ. இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தால் அவர் காதில் போடுங்கள்.

தம்பி, பிள்ளை பாஸ் ஆகிவிட்டான். கணக்கில் ஆறு. ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டிய படிவம் மேசையில் கிடக்கிறது, அவனும் அவன் அப்பாவும் மூன்றாவது பள்ளிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அட்டை ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நேற்று அவன் பேனாவை எடுத்துக்கொண்டு 'பரிச்சை'யைத் திருத்தப் போனான். கையைத் தட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
பதினோராம் மாடி அக்கா